அவன் அம்மா கொடுத்தவை

செல்போன் திரையில், மகனின் தோளுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் எழுதியிருந்ததை அவள் படித்துவிட்டாள். படிக்க வேண்டும் என்று நினைத்துப் படிக்கவில்லை. பதினான்கு மாதங்களாக, மருமகளின் மொழி எழுத்துகளைக் கண்டால் கண் தானாக நின்றுவிடுகிறது, பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை யாரும் கேட்காமலே படித்துக்கொண்டு போவதைப் போல. கறுப்பு மை, தடித்த பேனா, சாய்வே இல்லாத நேரான கையெழுத்து. மருமகளுடையதுதான், வாழ்த்து அட்டையில் பார்த்திருக்கிறாள். கீழே இருந்த பெட்டியில் 'அவனுடையது – குளிர்காலம்' என்று இருந்தது. அதற்கு மேல் இருந்ததில் 'அவனுடையது – புத்தகங்கள், கனம்'. மூன்றாவது பெட்டி சிறியது. மற்றவற்றோடு சேராமல் ஜன்னலுக்குக் கீழே தனியாக இருந்தது. அதில் 'அவன் அம்மா கொடுத்தவை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

"என்னடா, பின்னாடி ஒரே பெட்டியா இருக்கு?"

மகன் திரும்பிப் பார்க்கவில்லை. "பெயிண்ட் அடிக்கப் போறோம்மா. அதான் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிருக்கு."

"என்ன கலர்?"

"கலரா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "வெள்ளைதான்."

சுவர் ஏற்கெனவே வெள்ளையாகத்தான் இருந்தது. செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். அது மெல்லச் சரிந்தது, நிமிர்த்தி வைத்தாள். அப்போது மருமகள் வந்து சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள். எப்போதும்போல இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவு இடம் இருந்தது. மருமகள் நீளமாக ஏதோ சொன்னாள், திரையைப் பார்த்து அல்ல, கணவனைப் பார்த்து.

"உடம்பப் பாத்துக்கச் சொல்றா," என்றான் மகன்.

"அவ்வளவு நேரம் பேசினாளே."

"அவங்க பாஷையே அப்படித்தாம்மா. ஒண்ணுமில்லாததுக்கு ஒம்பது வார்த்தை."

நான்கு வருடமாக அவன் சொல்லும் ஜோக் அது. ஒவ்வொரு முறையும் அவள் சிரித்திருக்கிறாள். அந்த மொழி அவளுக்கு எழுத்தில்தான் தெரியும். பேச்சில் அது நிற்காத ரயில், பெட்டிகள் தெரியும், முகங்கள் தெரியாது. ஆனாலும் இன்று அந்த நீளமான வாக்கியத்தில் ஒரு சொல் பிடிபட்டது. 'இன்னும்'. இன்னும் என்ன என்பது தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கு 'இன்னும்' எதற்கு என்று மட்டும் தோன்றியது.

அவளுக்கு அந்த மொழி படிக்க வரும் என்பது இருவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் இருவரும் வருவதாக இருந்தது. வாசலில் நிற்கும்போதே, யாருடைய உதவியும் இல்லாமல் தன் கையால் எழுதிய கடிதத்தை மருமகளிடம் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். மருமகள் அங்கேயே பையைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பாள், மகன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். பேருந்தில் உட்கார்ந்து அதை அவள் எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். மருமகள் எந்த நிறச் சட்டை போட்டிருப்பாள் என்பதுவரை தெரியும்.

அழைப்பு முடிந்ததும் திரையில் அவள் முகம் ஒரு நொடி நின்று, போனது.

அவள் வேலை செய்வது ஒரு ட்ரை கிளீனிங் கடையின் முன்மேசையில். துணியை வாங்கி, விரித்துப் பார்த்து, டேக் எழுதிக் குத்துவது வேலை. டேக்கில் மூன்று வரி. உரியவர், பொருள், குறை. சேர்ந்த முதல் நாளே முதலாளி ஒரு பாடம் எடுத்தார். "கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க. எதனாலன்னு எழுதவே கூடாது. 'ஒயின் கறை'ன்னு எழுதாதீங்க, 'சிவப்புக் கறை'ன்னு எழுதுங்க. ஒயின்னு எழுதினா, அந்த மனுஷன் குடிச்சான்னு நாம சொன்னதா ஆகிடும். காரணம் அவங்களோடது. கறை மட்டும்தான் நம்மளோடது." குறை எழுதியதும் கடைசியில் 'முன்பே இருந்தது' என்று சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம்தான் கிழித்தோம் என்பார்கள். பத்தொன்பது வருடங்களில் எத்தனை ஆயிரம் முறை அந்த இரண்டு சொற்களை எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இயந்திரத்துக்குள் உதிர்ந்து கிடக்கும் பொத்தான்களை ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். ஒரு வருடம் யாரும் தேடி வராவிட்டால் அந்தப் பொத்தான்களை அவளே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பொத்தான் டப்பாவால்தான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்று வருடங்களுக்கு முன் மகனும் மருமகளும் பன்னிரண்டு நாள் வந்து தங்கினார்கள். நடுவில் ஒரு நாள் மகனுக்குப் பல் வலி. டாக்டரிடம் போனவன் நான்கு மணிநேரம் திரும்பவில்லை. முதல்முறையாக இரண்டு பெண்களும் மட்டும், நடுவில் பேச ஆளில்லாமல், ஒரே அறையில். முதல் அரைமணி சிரித்தே கழிந்தது. இதற்கு மேல் சிரித்தால் வாய் வலிக்கும் என்ற நிலையில், மருமகள் தன் கோட்டின் உள்துணி கிழிந்திருப்பதைக் காட்டினாள். அவள் ஊசியையும் டப்பாவையும் எடுத்து வந்தாள். தைத்து முடிப்பதற்குள் மருமகள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டிருந்தாள். மேசை முழுக்கப் பொத்தான்கள். அவற்றை நகர்த்தி நகர்த்தி முகங்கள் செய்தாள் மருமகள். பெரிய பழுப்புப் பொத்தானை நடுவில் வைத்து, கன்னத்தில் கை வைத்துப் பல் வலிப்பதுபோல் நடித்தாள். மகன்தான் அது. அவளுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு வந்தது. பிறகு மருமகள் ஒரு சாம்பல் நிறப் பொத்தானையும் ஒரு பச்சைப் பொத்தானையும் மேசையின் ஓரத்தில் ஒன்றையொன்று தொடும்படி வைத்தாள். தன்னைத் தொட்டுக் காட்டினாள், அவளைத் தொட்டுக் காட்டினாள்.

மகன் வீங்கிய கன்னத்தோடு வந்ததும் மருமகள் அவனிடம் வேகமாக, வெகுநேரம், இடையில் ஒருமுறை குரல் தழுதழுக்க ஏதோ சொன்னாள். "என்னடா சொல்றா?" என்று கேட்டதற்கு, "நல்லாப் பொழுது போச்சாம்," என்றான். பல் வலி அவனுக்கு.

ஊருக்குக் கிளம்பும்போது பொத்தான் டப்பாவை மருமகளிடமே கொடுத்துவிட்டாள். பிறகு இரண்டு திரைச்சீலைகள், ஆறு தலையணை உறைகள் தைத்து அனுப்பினாள். பதில் ஒரு வாழ்த்து அட்டையில் வந்தது. மூன்று வரி. அட்டையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து மகனிடம் காட்டினாள். "நன்றி சொல்லியிருக்காம்மா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதற்கு மூன்று வரி எதற்கு என்ற கேள்வி அன்றைக்குத்தான் முதலில் வந்தது.

அந்த மொழியைக் கற்றுக்கொள்ளச் செல்போனில் ஒரு ஏஐயைப் போட்டுக் கொடுத்தவர் இஸ்திரிக்காரர். அவளைவிட ஆறு வயது இளையவர், கடையின் பின்புறம் நீராவிக்குள் நிற்பவர். "எதைக் கேட்டாலும் சொல்லுதுக்கா. என் முதுகு வலிக்கு மட்டும் டாக்டரப் பாருங்கன்னு நழுவிடுது," என்றார். அது அவளிடம் முதலில் கேட்டது, யாருக்கு எழுத விரும்புகிறீர்கள் என்று. மருமகளுக்கு என்றாள். அதோடு ஒவ்வொரு நாள் பயிற்சியும் மருமகளுக்குக் கடிதம் என்று ஆகிவிட்டது. தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஐந்து வாக்கியம். வானிலை பற்றி, வீட்டைப் பற்றி, பிடித்த நிறம் பற்றி. முதலில் நோட்டில் எழுதுவாள், பிறகு செல்போனில் தட்டுவாள். பேசிப் பழகச் சொன்னபோது மறுத்துவிட்டாள். பேசினால் எதிரில் ஒருவர் காத்திருப்பதுபோல் இருக்கிறது. எழுதினால் யாரும் காத்திருப்பதில்லை.

அவள் எழுதுவதெல்லாம் டேக் மாதிரியே இருந்தது. 'ஜன்னல். இரண்டு. ஒன்றில் கண்ணாடி விரிசல்.' அது பொறுமையாகத் திருத்தும். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வாக்கியங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். 'ஏனென்றால்' என்ற சொல்லைப் பயன்படுத்தி ஒரு காரணம் சொல்லலாம்." அவள் அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. மற்றதெல்லாம் கற்றுக்கொண்டாள். கடந்த காலம், எதிர்காலம், என்னுடையது, உன்னுடையது, அவனுடையது. ஐந்தாவது மாதம் ஒரு மாலை, அந்த அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் படித்தாள். 'திரைச்சீலைகளுக்கு நன்றி. பொத்தான்களை வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். நீங்கள் வரும்போது அறிமுகம் செய்கிறேன்.' படித்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து விட்டு நின்றாள். கை கழுவ ஒன்றுமில்லை. மகன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு இது பொத்தான், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் அவளுக்கு எல்லாமே அந்த எழுத்தில் வந்தது. ஒருமுறை யாரோ ஒருவருடைய கோட்டுக்கு டேக்கையே அந்த எழுத்தில் எழுதிக் குத்திவிட்டாள். இஸ்திரிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "டேக்கம்மா, இது என்ன, கொக்கி கொக்கியாப் போட்டு வச்சிருக்கீங்க? மந்திரமா? போட்டவன் கால் கை விழுந்திராதே?" கடை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து கோட்டு வந்தால் "மந்திரிச்சாச்சா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமானது.

அவ்வப்போது ஏஐ கேட்கும்: "விரும்பினால், பயிற்சிக்காக, உங்கள் மருமகளின் இடத்திலிருந்து நான் பதில் எழுதட்டுமா?" வேண்டாம் என்று நான்கைந்து தடவை சொல்லியிருந்தாள். மழை விடாமல் பெய்த ஒரு மாலை, சரி என்றாள். பதில் வந்தது. 'அன்புள்ள அத்தை, உங்கள் கடிதம் கிடைத்து மிகவும் மகிழ்ந்தேன்' என்று தொடங்கி, பிழையில்லாத, இதமான பன்னிரண்டு வரிகள். அவள் ஒருமுறை படித்தாள். வாடிக்கையாளர் விட்டுப்போன புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது கதவு திறந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அழித்துவிட்டாள். அது மன்னிப்புக் கேட்டு, அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கடையில் கூட்டம். அவள் ஒரு சட்டைக்கு இரண்டு டேக் குத்தினாள், இன்னொன்றுக்குக் குத்தவே இல்லை. இஸ்திரிக்காரர் அனாதைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இவருக்கு ஊரு பேரு இல்லையாக்கா?"

"குடு, போட்டுத் தரேன்."

"பையன் வரப்போறான்னு கால் தரையில இல்ல உங்களுக்கு. இன்னும் எத்தனை நாள்?"

"முப்பத்தொண்ணு," என்றாள். எண்ணிக்கை வாயில் தயாராக இருந்தது.

"மருமக கையில லெட்டரக் குடுக்கும்போது எனக்கு ஒரு போன் போடுங்க. அந்தப் பொண்ணு மயங்கி விழுற சத்தத்தை நானும் கேக்கணும்."

அவள் சட்டையை விரித்தாள். காலரில் மடிப்புக் கறை, முன்பே இருந்தது.

அன்று மாலை பயிற்சி, வரப்போகும் ஒரு விருந்தினருக்கு வரவேற்புக் கடிதம், எதிர்காலத்தில் ஐந்து வாக்கியம். பெட்டிகளைப் பற்றி ஏஐக்கு எப்படித் தெரியும். அவள் எழுதினாள். 'நீ வருவாய். நான் கதவைத் திறப்பேன். உன் கோட்டை வாங்கி மாட்டுவேன்.' மூன்றாவதோடு நிறுத்திவிட்டு, தமிழில் கேட்டாள். ஒரு வீட்டில் மனைவி பெட்டிகளில் 'அவனுடையது' என்று எழுதி வைத்தால் என்ன அர்த்தம்?

பதில் நிதானமாக வந்தது. "இதற்குப் பல விளக்கங்கள் இருக்கலாம். வீடு மாறும்போதோ பொருட்களை ஒழுங்குபடுத்தும்போதோ இப்படி எழுதுவதுண்டு. இருவரும் தனித்தனியாக வாழ முடிவெடுத்திருக்கவும் கூடும். பெட்டியை மட்டும் வைத்து என்னால் காரணம் சொல்ல முடியாது. அவர்களிடமே கேட்பது நல்லது. நீங்கள் கவலையில் இருப்பதுபோல் தெரிகிறது. அதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்களா?"

இதுவும் நம் கடையில் வேலைக்குச் சேரலாம் என்று நினைத்தாள். பேச விரும்பவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கீழே மருந்துக்கடையின் ஷட்டரை இழுத்து மூடினார்கள். நானூறு கடிதங்கள் எழுதியிருக்கிறாள் அந்தப் பெண்ணுக்கு. ஜன்னல் விரிசல், மழையில் நனைந்த செருப்பு, கணவர் இறந்துபோன வருடம் அவர் எந்தச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதுவரை. மகனிடம்கூடச் சொல்லாதவை. எல்லாவற்றையும் படித்தது ஒரு ஏஐ. யாருக்கு எழுதினாளோ அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. இனி அந்தப் பெண் அவளுக்கு யார்? மகனை விட்டால் அந்தப் பெண்ணிடம் போக அவளுக்கு வேறு வாசல் இல்லை. இப்போது அந்த வாசல்தான் பெட்டிகளால் அடைபட்டுக்கொண்டிருந்தது.

பெட்டியில் இருந்த கேள்விக்குறியை நினைத்துக்கொண்டாள். மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் மருமகளுக்கு உரியவர் தெரிந்திருந்தது. ஒன்றுக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரையில் மகன் மட்டும் வந்தான். பின்னால் வேறு சுவர். ஜன்னல் வலப்பக்கம் இருந்தது, எப்போதும் இடப்பக்கம் இருக்கும். திரைச்சீலை இல்லாத ஜன்னல்.

"அவ எங்கடா?"

"வேலைக்குப் போயிருக்காம்மா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா, இப்பல்லாம் அப்படித்தான்." முகத்தைத் தேய்த்துக்கொண்டான். சவரம் செய்திருக்கவில்லை. "அம்மா, அடுத்த மாசம் வர்றது கஷ்டம்போல இருக்கு. லீவு தர மாட்டேங்கறாங்க."

"பெயிண்ட் அடிச்சாச்சா?"

"ம்."

"வெள்ளை?"

"ஆமாம்மா."

சர்க்கரை டப்பா சரியவில்லை. இருந்தாலும் அதை நேராக்கினாள். பிறகு சொன்னாள்.

"பெட்டியில எழுதியிருந்ததப் படிச்சேன்டா."

"எந்தப் பெட்டி?"

"உன்னோட குளிர்காலத் துணி. உன்னோட புத்தகம், கனம்னு போட்டிருந்தா. நீ தூக்கும்போது இடுப்பப் புடிச்சுக்கக்கூடாதுன்னு போட்டிருப்பா."

அவன் அசையாமல் இருந்தான். நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தாள். பிறகு அவன் கண் இமைத்தது.

"உனக்கு எப்படிம்மா அது..."

"பதினாலு மாசமாக் கத்துக்கறேன். செல்போன்ல."

"எதுக்கு?"

அவளுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. "அவகூடப் பேச," என்றாள்.

திரையில் கூரை தெரிந்தது. அவன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான். கூரையில் ஒரு வெற்று பல்பு தொங்கியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள். சின்ன வயதிலும் அவன் அழும்போது பார்த்தால் பிடிக்காது, கதவைச் சாத்திக்கொள்வான். பல்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிரிஞ்சிடறதுன்னு முடிவு பண்ணி ஆறு மாசம் ஆச்சும்மா," என்றது குரல். "சண்டையெல்லாம் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு வாரமும் அவ சொல்லுவா, இன்னும் எத்தனை நாள் அவங்ககிட்ட மறைப்பே, இப்பவே சொல்லுன்னு. உன் எதிர்ல உக்காந்துக்கிட்டே சொல்லுவா. நான் உனக்கு வேற ஏதாவது சொல்லிடுவேன்."

"உடம்பப் பாத்துக்கச் சொன்னான்னு."

"ம்."

"சாப்பிடறியா ஒழுங்கா?"

"சாப்பிடறேன்."

பிறகு அவள் கேட்டாள். "உனக்குப் பல்லு வலிச்சு டாக்டர்கிட்ட போனியே, நாங்க ரெண்டு பேரும் பொத்தான வச்சு விளையாடிட்டு இருந்தோம். நீ வந்ததும் அவ உன்கிட்ட ரொம்ப நேரம் ஏதோ சொன்னா. என்னடா சொன்னா?"

முகம் திரும்பத் திரைக்கு வந்தது. அவன் உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, கண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, அப்பா யோசிப்பதைப் போலவே.

"ஞாபகம் இல்லம்மா," என்றான். "நிஜமா ஞாபகம் இல்ல."

அவளுக்கு அந்தச் செய்தியைவிட இதுதான் அதிகமாக வலித்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இப்போது உலகத்தில் அதை அறிந்தவர் ஒரே ஒருவர்தான்.

"அவளுக்கு நான் எழுதலாமாடா?"

"வேண்டாம்மா. அவளுக்கும் சங்கடம், உனக்கும்." பிறகு, "உன் இஷ்டம்," என்றான். பிறகு, "பழைய அட்ரஸ்தான். நான்தான் வெளியில வந்துட்டேன்," என்றான்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தாள். முதலில் நோட்டில். தலைப்பில் எப்போதும் 'மருமகளுக்கு' என்று அந்த மொழிச் சொல்லைப் போடுவாள். பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. மருமகளின் பெயரை மட்டும் எழுதினாள். பிறகு எழுதத் தெரிந்த விதத்தில் எழுதினாள்.

'பெட்டிகளைப் பார்த்தேன். மூன்று. உன் கையெழுத்து. ஒன்றில் கேள்விக்குறி இருந்தது. அந்தப் பெட்டி உன்னுடையது. திரைச்சீலைகள், தலையணை உறைகள், பொத்தான்கள் உன்னுடையவை. நான் உன் மொழியைப் பதினான்கு மாதம் படித்தேன். உன் அட்டையை நானே படித்தேன். அவன் பல் டாக்டரிடம் போன நாள், மாலையில், நீ அவனிடம் நீளமாக ஏதோ சொன்னாய். அவனுக்கு நினைவில்லை. என்ன சொன்னாய்? இதோடு ஒரு பொத்தான் அனுப்புகிறேன். இதற்குப் பெயர் இல்லை.'

அதை அப்படியே அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் தப்பாகப் புரிந்துவிட்டால் இரண்டாவது தடவை கேட்க வழி கிடையாது. செல்போனில் தட்டினாள். நான்கு பிழைகள். ஒரு எழுத்து விட்டுப் போனது, இரண்டு இடத்தில் காலம் தவறு, பொத்தானுக்குப் பன்மை. அவள் ஒவ்வொன்றாக நோட்டில் திருத்திக்கொண்டாள். கீழே அது எழுதியிருந்தது. "மிகத் தெளிவான கடிதம். இரண்டு கேள்விகள். வழக்கமாக 'மருமகளுக்கு' என்று தொடங்குவீர்கள், இன்று பெயர் மட்டும் இருக்கிறது. அது வேண்டுமென்றே செய்ததா? மேலும், ஏன் இப்போது எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால், படிப்பவருக்கு உதவியாக இருக்கும். 'நான் இதை எழுதுகிறேன், ஏனென்றால்...' என்று தொடங்கலாம்."

அவள் நோட்டில் 'ஏனென்றால்' என்று எழுதினாள். அந்த மொழியில் அது ஒரு நீண்ட சொல், நடுவில் கொக்கி போன்ற எழுத்து. அழகாகவே வந்தது. அதற்கு அப்புறம் எழுத எத்தனையோ இருந்தன, எல்லாம் எழுதத் தெரிந்த சொற்கள்தான். அன்பு, தனிமை, அறை, ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றையும் மனதில் வைத்துப் பார்த்தாள். எதை வைத்தாலும் அந்தப் பெண்ணின் சட்டையில் அவள் ஒரு கறையைக் கொண்டுபோய் வைப்பதுபோல் இருந்தது. அந்தச் சொல்லை அடித்தாள். செல்போனில், "பெயர் வேண்டுமென்றேதான். காரணம் வேண்டாம்," என்று தட்டினாள்.

"சரி. உங்கள் கடிதம், உங்கள் விருப்பம்," என்றது அது. வழக்கமான கடைசி வரியும் வந்தது. "இன்று உங்கள் 425ஆம் நாள். நாளை யாருக்கு எழுதலாம்?"

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நல்ல தாளில் நகலெடுக்க ஒரு மணிநேரம் ஆனது. செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் அரைமணி நேரம் சொல்லிவிட்டுத் தபால் அலுவலகம் போனாள். கிளம்பும்போது, இந்த வருடத்து டப்பாவில் கையை விட்டுத் தேடி ஒரு பொத்தானை எடுத்தாள். நிறமில்லாத, கண்ணாடி மாதிரி, இரண்டு துளை. இஸ்திரிக்காரர் பார்த்தார். "ஒரு வருஷம் ஆகலையேக்கா அதுக்கு. ஆளு வந்தா?"

"வந்தா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மந்திரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நீராவிக்குள் போய்விட்டார்.

கவுன்டரில் இருந்த பெண் கவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "உள்ள ஏதோ கெட்டியா இருக்கே."

"பொத்தான்."

"வெறும் லெட்டர்னா அப்படியே போயிரும். பொருள் இருந்தா ஃபார்ம் எழுதணும்மா." ஒரு சின்னப் பச்சைத் தாளை ஜன்னலுக்குக் கீழே தள்ளினாள்.

உரியவர், பொருள், எடை. அவளுக்குக் கைவந்த வரிகள். வேகமாக எழுதினாள். நான்காவது வரியில் பேனா நின்றது. 'அனுப்பும் காரணம்' என்று இருந்தது. அதன் பக்கத்தில் கட்டங்கள். பரிசு. விற்பனைப் பொருள். மாதிரி. திருப்பி அனுப்புவது. மற்றவை.

"இதையும் எழுதணுமா?"

"எழுதாம போகாதும்மா. எதுக்கு அனுப்புறீங்களோ அதுல டிக் போடுங்க."

பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அதற்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு கோடு, ஒரு விரல் நீளம், அதன் கீழே பொடி எழுத்தில் 'விளக்கவும்'.

அவள் பேனாவை அந்தக் கோட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அதற்குள் கவரை எடுத்து, முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கிக் குத்தினாள். வட்டமாக, கறுப்பாக விழுந்தது முத்திரை. பொத்தான் புடைத்திருந்த மேட்டில் மை அழுத்தமாகப் பிடித்திருந்தது. மேட்டைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் மை படாமல் வெள்ளையாக இருந்தது.